கழுத்து எம்ஆர்ஐயா, நரம்பு டெஸ்டா: கை வலிக்கு எதை முதலில் பார்ப்பது?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வயது 43, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் வேலை, ஐந்து மாதமாக வலது கை வலி. தோளிலிருந்து விரல் வரை இழுக்கிறது, ராத்திரியில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலைகிறது. ஒரு டாக்டர் கழுத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார், இன்னொருவர் நரம்பு டெஸ்ட் என்கிறார், லேபில் விட்டமின் எல்லாம் சேர்ந்த ஒரு பேக்கேஜ் சீட்டைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். "எந்த டெஸ்ட் எடுத்தால் காரணம் தெரியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் மூன்றையும் எடுத்தால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்று கடைசியில் எழுதியிருப்பதைப் பார்த்தால், நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு: ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது, மற்றதை விட்டுவிட்டால் ஆபத்து ஏதும் இருக்கிறதா? அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. நரம்பு, தசைக் கோளாறுகளுக்கு மறுவாழ்வு சிகிச்சை தரும் மருத்துவர். பதினேழு வருடமாக நரம்பு டெஸ்டை என் கையாலேயே செய்துவருகிறேன். கொங்குப் பக்கம் என்பதால் தையல் மெஷினில் உட்காருபவர்கள், கட்டிங் மாஸ்டர்கள், செக்கிங் வேலை செய்யும் பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். அந்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் உங்கள் கையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. கை வலியில் தொட்டுப் பார்ப்பதுதான் பாதி வேலை. அதனால் கீழே உங்களைப் பற்றிச் சொல்வதை எல்லாம் ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டுகளைப் பற்றிச் சொல்வதை நம்பலாம்.

முதலில் ஆபத்தானவற்றைப் பேசிவிடலாம். மாரடைப்பு வலி இடது கைக்குத்தான் வரும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வலது கைக்கும் வரும், இரண்டு கைக்கும் சேர்ந்து வரும், தாடைக்கும் முதுகுக்கும் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் வியர்வை, மூச்சுத்திணறல், கைக் கடுப்பு என்று மட்டும் வருவதுண்டு. படி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கை கடுத்து, நின்றதும் விடுகிறது என்றாலும், திடீரென்று கை வலியோடு வியர்த்துக் கொட்டுகிறது என்றாலும் இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். திடீரென்று வந்ததென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நடந்தால் வந்து நின்றால் விடுவதென்றால் அன்றைக்கே இதய மருத்துவரைப் பாருங்கள். அங்கே எடுக்கும் முதல் ஈசிஜி நார்மலாக இருந்தால் மாரடைப்பு இல்லை என்று அர்த்தமாகாது. ஈசிஜியைத் திரும்ப எடுப்பார்கள், ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையையும் சில மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பார்ப்பார்கள். முதல் ஈசிஜியை வாங்கிக்கொண்டு "ஒன்றுமில்லையாம்" என்று வீட்டுக்குப் போய், திரும்பி வராமல் போனவர்கள் உண்டு. உங்கள் வலி ஐந்து மாதமாக, படுத்திருக்கும்போது, மரத்துப்போவதோடு சேர்ந்து வருகிறது. இதய வலியின் நடை இப்படி இருப்பதில்லை.

வேறு சில நிலைமைகளிலும் தாமதிக்கக் கூடாது. கை முழுவதும் திடீரென்று வீங்கி நீலம் பாய்ந்தால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், உடனே ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். கை வெளுத்துச் சில்லிட்டு நாடி கிடைக்கவில்லை என்றால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய அவசரம். காய்ச்சலோடு ஒரு மூட்டு மட்டும் சிவந்து கொதித்தால், அதில் சீழ் பிடித்திருக்கிறதா என்று ஊசியால் நீர் எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் இதைக் கவனமாகப் படியுங்கள்: கை வலியோடு ஜாக்கெட் ஊக்கு மாட்ட வரவில்லை, எழுத்து கோணுகிறது, நடையில் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியவில்லை என்று ஏதாவது இருந்தால் கழுத்தில் தண்டுவடமே அழுத்தப்படுகிறது என்ற சந்தேகம் வரும். அப்போது கழுத்து எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடவே கூடாது. இவை எதுவும் உங்களுக்கு இல்லை என்றால், நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது.

வருகிறவர்கள் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள் என்பதை நான் அப்படியே எழுதிக்கொள்வேன். "குடையுது" என்பவருக்கும் "சுரீர்னு இழுக்குது" என்பவருக்கும் "மதமதன்னு இருக்கு" என்பவருக்கும் பெரும்பாலும் வேறு வேறு இடத்தில் கோளாறு. மதமதப்பும் ஊசி குத்துவதும் நரம்பைக் காட்டும். ஒரு குறிப்பிட்ட அசைவில் மட்டும் ஓர் இடத்தில் சுள்ளென்று பிடித்தால் தசைநாரோ மூட்டோ. அடுத்து, எந்த விரல் என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் "எல்லா விரலும்தான்" என்பார்கள். அன்று ராத்திரி கவனித்துவிட்டு மறுநாள் வந்து, "இல்லைங்க, சுண்டுவிரல் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்தச் சுண்டுவிரல் எனக்கு மிகப் பெரிய தகவல். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகிய இடங்களுக்கு உணர்ச்சி கொண்டுபோவது மணிக்கட்டின் நடுவே ஒரு குறுகிய வழியில் நுழைந்து போகும் மீடியன் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிர விரலின் மறு பாதிக்கும் முழங்கையின் பின்புறமாக வரும் அல்நார் நரம்பு. கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர் அழுத்தப்பட்டால் கணக்கு வேறு: ஆறாவது வேர் என்றால் முன்கையின் வெளிப்பக்கமும் கட்டைவிரலும், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல் பக்கம். கழுத்தில் அதிகம் மாட்டுவது ஏழாவதும் ஆறாவதும்தான்.

அதனால் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பஞ்சு நுனியால் மோதிர விரலின் ஒரு பக்கத்தைத் தொடுவேன், பிறகு மறு பக்கத்தை. "ரெண்டும் ஒரே மாதிரி தெரியுதா?" நடுவிரல் பக்கம் மட்டும் துணி போர்த்தியது போல மங்கலாக இருந்து, சுண்டுவிரல் பக்கம் தெளிவாக இருந்தால், கோளாறு கழுத்தில் இல்லாமல் மணிக்கட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்து வேர் ஒரே விரலை இப்படி நடுவில் கோடு போட்டுப் பிரிப்பதில்லை. பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க மேசையில் வைத்து, கட்டைவிரலைக் கூரையை நோக்கித் தூக்கச் சொல்லி நான் அழுத்துவேன். கட்டைவிரல் அடியில் இருக்கும் சதை மேடு மறு கையைவிட வற்றியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். மணிக்கட்டை ஒரு நிமிடம் முழுக்க மடக்கி வைக்கச் சொல்வேன், அந்த நேரத்துக்குள் விரல் மரத்தால் அது ஒரு தடயம். கழுத்துக்கு, தலையை வலிக்கும் பக்கமாகச் சாய்த்துப் பின்னால் வளைத்து மெதுவாக அழுத்துவேன். கைக்குள் மின்சாரம் போல வலி இறங்கினால் கழுத்து வேர் என்பதற்கு நல்ல ஆதாரம், இறங்கவில்லை என்றால் கழுத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது. மணிக்கட்டு மடக்குவதை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். கழுத்தை அழுத்திப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்திய வரி ராத்திரியில் விழிப்பது பற்றியது. விழித்ததும் என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிறதா? தெர்மாமீட்டரை உதறுவது போல மணிக்கட்டை உதறிக் காட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் மணிக்கட்டில்தான் மீடியன் நரம்பு மாட்டியிருக்கும். கார்பல் டனல் என்பார்கள். தோள் வரை இழுக்கிறதே, அப்படியென்றால் கழுத்துதானே என்று நீங்கள் நினைக்கலாம், உங்கள் முதல் டாக்டரும் அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் மணிக்கட்டில் மாட்டிய நரம்பின் வலி முன்கை, முழங்கை, தோள் வரைக்கும் மேலே ஏறும். நான் பார்த்தவர்களில் இது அபூர்வமே இல்லை. கழுத்து வேர் வலி என்றால் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறது என்பார்கள், கழுத்தைத் திருப்பினால் கூடும், தோள்பட்டை எலும்புக்கு உட்புறம் ஒரு குடைச்சல் இருக்கும். இந்த இரண்டு படங்களில் உங்களுடையது எது என்று கவனித்துப் பாருங்கள். கழுத்தும் மணிக்கட்டும் இரண்டும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களும் உண்டு. ஓரிடத்தில் அழுத்தப்பட்ட நரம்பு இன்னோர் இடத்திலும் எளிதில் பாதிக்கப்படும் என்று 1973-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அது உண்மையா, இரண்டும் தற்செயலாகச் சேர்ந்து வருகிறதா என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

இப்போது நரம்பு டெஸ்ட். இதில் இரண்டு பகுதி உண்டு, பலருக்கு இது சொல்லப்படுவதில்லை. முதல் பகுதியில் தோலின் மேல் சிறிய மின்முனைகளை ஒட்டி, நரம்பின்மேல் லேசாக ஷாக் கொடுத்து, அந்தத் தூண்டல் எவ்வளவு வேகமாக மறுமுனைக்குப் போகிறது என்று அளப்போம். ரப்பர் பேண்டைச் சுண்டியது போல இருக்கும். முன்கையில் மீடியன் நரம்பு சாதாரணமாக நொடிக்கு 50 மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் கடத்தும். மணிக்கட்டில் மாட்டியிருந்தால் அந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் தாமதமாகும். அதே கையின் அல்நார் நரம்போடு ஒப்பிட்டால் அந்தத் தாமதம் தெளிவாகத் தெரியும். இரண்டாவது பகுதியில் மெல்லிய ஊசியைத் தசைக்குள் வைத்து, தசை ஓய்வில் இருக்கும்போதும் இறுக்கும்போதும் வரும் மின் சத்தத்தைக் கேட்போம். இதுதான் இஎம்ஜி. மணிக்கட்டுக் கோளாறுக்குப் பெரும்பாலும் முதல் பகுதியே போதும். கழுத்து வேருக்கு ஊசிப் பகுதி இல்லாமல் டெஸ்ட் முழுமையாகாது, ஏனென்றால் வேரில் அழுத்தம் இருந்தாலும் விரலில் அளக்கும் உணர்ச்சி நரம்பின் வேகம் நார்மலாகவே வரும். டெஸ்டுக்குப் போகுமுன் "ஊசியும் போடுவீர்களா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த டெஸ்டும் தவறும். என் ஆரம்ப வருடங்களில் ஒரு ஜனவரிக் காலையில் ஊட்டியிலிருந்து ஓர் இளம் தாய் வந்தார். ஏசி அறையில் உட்கார வைத்து டெஸ்ட் செய்தேன். இரண்டு கையிலும் மீடியன் நரம்பு மெதுவாகப் போனது, கார்பல் டனல் என்று எழுதினேன். என் மூத்த மருத்துவர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "கை எவ்வளவு சூடா இருந்துச்சு?" நான் அளக்கவில்லை. அந்தப் பெண்ணைத் திரும்பக் கூப்பிட்டு, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் கையை வைக்கச் சொல்லி, தோலின் சூடு 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் வந்தபின் அளந்தால் எல்லாம் நார்மல். கை குளிர்ந்திருந்தால் நரம்பு மெதுவாகவே கடத்தும், ஒவ்வொரு டிகிரிக்கும் நொடிக்குச் சுமார் இரண்டு மீட்டர் குறையும். முதல் நாளே எல்லா நரம்பும் ஒன்றுபோல மெதுவாக இருந்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவருக்கு உண்மையில் இருந்தது கட்டைவிரல் பக்கத் தசைநார் உறையில் வீக்கம். ஆறு மாதக் குழந்தையை அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தூக்கி வந்தது. மரத்துப்போதல் அவருக்கு இல்லவே இல்லை, நான் அதைச் சரியாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து கையைத் தொட்டுச் சூடு பார்க்காமல் மெஷினை நான் போடுவதில்லை.

இன்னும் சில எல்லைகள். நரம்பு அழுத்தப்பட்டு மூன்று வாரம் ஆகாமல் இஎம்ஜி எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கவலை இல்லை. கழுத்து வேரில் உணர்ச்சிப் பகுதி மட்டும் எரிச்சலாகி, தசைக்குப் போகும் பகுதி நன்றாக இருந்தால் இஎம்ஜி நார்மல் என்றே வரும். ஆரம்ப நிலைக் கார்பல் டனலிலும் ஒரு பகுதியினருக்கு டெஸ்ட் நார்மலாகத்தான் இருக்கும். அதேபோல, கையால் கடினமாக வேலை செய்பவர்களிடம் எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே லேசான தாமதம் தெரிவதும் உண்டு. அறிகுறியும் டெஸ்டும் ஒன்றோடொன்று பொருந்தினால் உறுதியாகச் சொல்லலாம். பொருந்தாவிட்டால் நான் அறிகுறியின் பக்கம் நின்று, சில வாரம் கழித்துத் திரும்பப் பார்ப்பேன். மணிக்கட்டில் அல்ட்ராசவுண்ட் செய்து மீடியன் நரம்பின் குறுக்களவைப் பார்ப்பது இன்னொரு வழி. நரம்பு மணிக்கட்டில் வீங்கி, சுமார் 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். வலி இல்லாத டெஸ்ட், ஆனால் அதைப் பழகியவர் கையில்தான் பலன்.

அடுத்தது எம்ஆர்ஐ. கழுத்தின் அமைப்பைக் காட்டுவதில் அதற்கு ஈடு இல்லை, கதிர்வீச்சும் கிடையாது. சிக்கல் என்னவென்றால், அது நிறையவே காட்டிவிடும். ஜப்பானில் கழுத்திலோ கையிலோ எந்தத் தொந்தரவும் இல்லாத 1211 பேருக்குக் கழுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. அத்தனை பேரும் வலியே இல்லாதவர்கள். ஆகவே 43 வயதில் உங்களுக்கு எடுத்தாலும் "சி5-சி6 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், தீக்கல் சாக்கை அழுத்துகிறது" (டிஸ்க் பிதுங்கி, தண்டுவடத்தைச் சுற்றிய உறையை அழுத்துகிறது) என்பது போல ஒரு வரி வருவதற்கு நிறைய வாய்ப்பு இருக்கிறது. அந்த வரியைப் படித்த பிறகு வீட்டில் யாரும் மணிக்கட்டைப் பற்றி நினைக்க மாட்டார்கள். ஒரு கட்டிங் மாஸ்டர் அப்படி ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எட்டு மாதம் கழுத்துக்குப் பட்டை போட்டு, கழுத்தை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன் எடுத்துவிட்டு என்னிடம் வந்தார். கத்தரியைப் பிடிக்க முடியவில்லை என்பதுதான் புகார். உள்ளங்கையைத் திருப்பினால் கட்டைவிரல் மேடு முழுக்க வற்றியிருந்தது. மணிக்கட்டு அறுவைக்குப் பிறகு ராத்திரி வலி போனது, வற்றிய சதை முழுதாகத் திரும்பவில்லை. அவருடைய எம்ஆர்ஐயில் எழுதியிருந்தது பொய்யில்லை, பல்ஜ் இருந்தது உண்மைதான். அவர் வலிக்குக் காரணம் அதுவாக இருக்கவில்லை.

எம்ஆர்ஐயே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நடை தடுமாறினால், கையின் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், புற்றுநோய் இருந்தவர் என்றால், காய்ச்சலோ காரணமில்லாத எடைக் குறைவோ இருந்தால் முதல் டெஸ்டே அதுதான். கழுத்து வேர் வலி என்று பரிசோதனையில் தெரிந்து, ஆறு வாரச் சிகிச்சையிலும் அசையவில்லை, ஊசியோ அறுவையோ யோசிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது என்றாலும் வேண்டும். கழுத்து வேர் வலி வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அறுவை இல்லாமலே சில வாரங்களிலோ சில மாதங்களிலோ குறைந்துவிடும் என்பதால்தான் அவசரப்பட வேண்டாம் என்கிறோம். எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்த டாக்டரிடம் மரியாதையாகவே இதைக் கேளுங்கள்: "பல்ஜ் இருக்குன்னு வந்தா என்ன செய்வீங்க, இல்லைன்னு வந்தா என்ன செய்வீங்க சார்?" இரண்டுக்கும் ஒரே மாத்திரையும் ஒரே பிசியோதெரபியும்தான் என்றால், அதை எடுக்க இன்னும் நேரம் வரவில்லை. அவர் கையில் ஏதோ பலக்குறைவைக் கண்டுதான் எழுதியிருக்கிறார் என்றால் அதையும் அந்தக் கேள்விக்குச் சொல்லிவிடுவார், அப்போது நான் இங்கே சொல்வதைவிட அவர் சொல்வதுதான் பெரிது.

தோளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேல்கை வலி என்று வருபவர்களில் பலருக்குக் காரணம் தோள் மூட்டு. உங்கள் கையை நீங்களே தூக்க முடியவில்லை, ஆனால் இன்னொருவர் தூக்கினால் முழுக்கப் போகிறது என்றால் தசைநார் கிழிந்திருக்கலாம், அதற்கு அல்ட்ராசவுண்டே நன்றாகக் காட்டும். யார் தூக்கினாலும் போகவில்லை, முழங்கையை இடுப்போடு ஒட்டி வைத்துக் கையை வெளிப்பக்கம் திருப்ப முடியவில்லை என்றால் தோள் இறுக்கம், ஃப்ரோஸன் ஷோல்டர். அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை, வேறு மூட்டுக் கோளாறு இல்லை என்று பார்க்க ஓர் எக்ஸ்ரே போதும். ஆனால் சர்க்கரை பார்த்தே ஆக வேண்டும். தோள் இறுகியதால் சோதித்து, அப்போதுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் என்னிடம் நிறைய உண்டு. தோள் எம்ஆர்ஐக்கும் கழுத்துக்குச் சொன்னதுதான். 1995-இல் வந்த ஓர் ஆய்வில் தோள் வலியே இல்லாத, 60 வயது தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்குத் தசைநார்க் கிழிசல் தெரிந்தது.

எக்ஸ்ரே, விழுந்து அடிபட்டவர்களுக்கும் எலும்பின்மேல் அழுத்தினால் வலிப்பவர்களுக்கும் உபயோகம். கழுத்து எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று வருவதை வைத்துக் கை வலிக்குக் காரணம் சொல்வதை நான் நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் நெஞ்சு எக்ஸ்ரேயை விடமாட்டேன்: பல வருடம் புகைபிடித்தவர், தோளில் தொடங்கிக் கையின் உட்புறமாகச் சுண்டுவிரல் வரை ஓயாத வலி. நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி அப்படித்தான் காட்டிக்கொள்ளும், இருமல்கூட இல்லாமல். நெஞ்சு எக்ஸ்ரேயில் அந்த இடம் எலும்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்பதால், சந்தேகம் பலமாக இருந்தால் சிடி ஸ்கேன் வரை போக வேண்டும்.

லேபில் கொடுத்த பேக்கேஜை நான் எடுக்க மாட்டேன். உங்களுக்கு அதிலிருந்து இரண்டு போதும். ஒன்று சர்க்கரை, முடிந்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, அது 6.5 சதவீதமோ மேலோ என்றால் நீரிழிவு. இன்னொன்று தைராய்டுக்கான டிஎஸ்எச். இந்த இரண்டு நோயும் மணிக்கட்டில் நரம்பு மாட்டுவதற்குத் துணைபோகும். கார்பல் டனல் சந்தேகப்படும் எல்லோருக்கும் டிஎஸ்எச் பார்க்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் வயதுப் பெண்களுக்கு நான் பார்க்கச் சொல்வேன். காலையில் விரல் மூட்டுகள் வீங்கி, மடக்க வர ஒரு மணி நேரம் ஆகிறது என்றால் உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இஎஸ்ஆர், சிஆர்பி, முடக்குவாதத்துக்கான டெஸ்டுகள் சேர வேண்டும். அது இல்லாமல் முடக்குவாதக் காரணி என்ற ஆர்ஏ ஃபாக்டரை மட்டும் பார்ப்பதில் ஆபத்து இருக்கிறது, ஆரோக்கியமானவர்களில் சிலருக்கும் அது பாசிட்டிவ் காட்டும், வீண் பயம்தான் மிஞ்சும். யூரிக் ஆசிட்டும் அப்படியே. விட்டமின் டி நம் ஊரில் யாருக்குப் பார்த்தாலும் குறைவாக வருவது சகஜம். குறைவு என்றால் மாத்திரை சாப்பிடலாம், ஆனால் ஒரு கையில் மூன்று விரல் மட்டும் ராத்திரி மரத்துப்போவதற்கு அது விளக்கமாகாது. பி12 குறைந்தால் பெரும்பாலும் பாதத்தில்தான் முதலில் மதமதக்கும். நீங்கள் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுபவர் என்றால் மட்டும் பி12-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதி என்பதால் இதையும் விட முடியவில்லை. சுண்டுவிரல் மரத்து மடங்கத் தொடங்குகிறது, உடம்பில் எங்கேயாவது உணர்ச்சியில்லாத வெளிர் தேமல் இருக்கிறது என்றால், முழங்கைக்குப் பின்னால் உள்ள நரம்பு கயிறு போலத் தடித்திருக்கிறதா என்று மருத்துவர் தடவிப் பார்க்க வேண்டும். தொழுநோய் இன்னும் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கை கோணாமல் காப்பாற்றலாம், அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்து இலவசம். வெட்கப்பட்டு மறைப்பதால்தான் விரல் போகிறது. அக்கி வருவதற்கு முன்பும் ஒரு கையில் நாலைந்து நாள் எரிச்சலோடு வலிக்கும், கொப்புளம் வந்தால்தான் தெரியும். ஐந்து மாதக் கதைக்கு அது பொருந்தாது.

சரி, உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் என்ன சொல்வேன்? கையைப் பத்து நிமிடம் தொட்டுப் பார்க்கும் மருத்துவர் ஒருவரிடம் முதலில் போகச் சொல்வேன். எலும்பு மருத்துவர், நரம்பியல் மருத்துவர், எங்கள் துறை, யாரானாலும் சரி. இஎஸ்ஐ அட்டை இருந்தால் அங்கே தொடங்கி மேல் மருத்துவமனைக்குக் கடிதம் வாங்கலாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இந்த டெஸ்டுகளுக்கு வெளியைவிடக் குறைந்த செலவுதான் ஆகும். போகும் நாள் வரை ராத்திரியில் மட்டும் மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டையைப் போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஆறு வாரத்தில் ராத்திரி விழிப்பு நன்றாகக் குறைந்தால் அதுவே ஒரு பெரிய தடயம், ஒருவேளை சிகிச்சையும் அதுவே. கட்டைவிரல் மேடு வற்றியிருந்தாலோ, பட்டன் எடுக்க விரல் நழுவினாலோ ஆறு வாரம் காத்திருக்கவே கூடாது, அந்த வாரமே நரம்பு டெஸ்ட். சர்க்கரையும் தைராய்டும் இப்போதே பார்த்துவிடலாம். எம்ஆர்ஐக்கு வைத்திருக்கும் பணம் அப்படியே இருக்கட்டும், பரிசோதனையில் கழுத்து என்று தெரிந்தால் அப்போது அது உதவும்.

ஒரு வெள்ளைத்தாளில் உங்கள் வலது கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. ஒரு வாரம் ராத்திரி விழிக்கும்போதெல்லாம் மரத்த இடத்தை மட்டும் அதில் கோடு போட்டு நிரப்புங்கள், பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். நரம்பு டெஸ்ட் அன்றைக்கு எண்ணெயோ கிரீமோ தடவாமல், வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட்டுப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ உள்ளே போகும்போதே சொல்லிவிடுங்கள். கை சில்லென்று இருந்தால், "சுடுதண்ணியில வெச்சுட்டு எடுக்கலாமா?" என்று தயங்காமல் கேளுங்கள்.